சீட்டு ஃப்ரீ

கெலமங்கலம் சாலையில் இருக்கும் அந்தப் பெரிய தகரக் கூடத்துக்குப் பெயர் என்னவோ கோல்டன் ஸ்பேட் அரினாதான். ஆனால் அப்படிச் சொன்னால் யாருக்கும் வழி தெரியாது. ஊருக்கெல்லாம் அது இஸ்பேட்டுக் கொட்டாய். பஸ் கண்டக்டர்கூட அப்படித்தான் கூவி இறக்கிவிடுவார்.

பக்கத்து ரிசார்ட்டின் முதலாளி அண்ணாதுரை அதைக் கட்டியதே சீட்டாட வருகிறவர்களுக்காகத்தான். பெங்களூரிலிருந்து காரில் வருகிறவர்கள் ஆடிக் களைத்தால் கொஞ்சம் பாட்டுக் கேட்கட்டும், குத்துச்சண்டை பார்க்கட்டும், மறுபடி சீட்டுக்கு உட்காரட்டும் என்று ஒரு திட்டம். பாவம், போலீஸ் வந்து சீட்டு மேசைகளை மூடியதும் பாட்டும் நின்றது, சண்டையும் நின்றது. கொட்டாய் மட்டும் மிச்சம்.

பூங்கொடிக்கு அந்தக் கொட்டாய் என்றால் உயிர். விருதுநகரிலிருந்து வந்து, வாசலில் டிக்கெட் கிழிக்கச் சேர்ந்து, மேனேஜர் ஆனவள். சும்மா கிடந்த தரையில் மேட் விரித்து, சுற்றுவட்டாரக் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பெண்களைக் கபடி ஆட வைத்தவளும் அவளே. ஆட்டம் பிரமாதம், பார்க்கத்தான் ஆளில்லை.

"ஞாயித்துக்கிழமை கொட்டாய் நெறையலைன்னா, திங்கக்கிழமை குடோனுக்கு வாடகைக்கு விட்டுடுவேன் பூங்கொடி" என்று அண்ணாதுரை சொல்லிவிட்டார். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

'பெண்கள் கபடி இறுதி ஆட்டம். இருக்கை இலவசம்' என்று எழுதிக் கொடுத்து, மைக் கட்டிய ஆட்டோவில் விளம்பரம் கூவ மதுரைவீரனை அனுப்பினாள். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசுகிற மனுஷன். 'இருக்கை' என்றால் எவனுக்குப் புரியும் என்று அவனாகவே ஒரு முடிவுக்கு வந்தான். நீளமாக இருந்ததையும் வெட்டினான். "இஸ்பேட்டுக் கொட்டாயில ஆட்டம்! எல்லாருக்கும் சீட்டு ஃப்ரீ!" என்று ராயக்கோட்டை வரைக்கும் முழங்கிவிட்டு வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நெருக்கித் தள்ளியது. பூங்கொடி பூரித்துப்போனாள். பிறகுதான் கவனித்தாள், வந்ததெல்லாம் ஆம்பளைகள்.

"மேசையெல்லாம் எங்கம்மா?" என்றார் முன்னால் நின்ற தீர்த்தகிரி. தக்காளி மண்டிக்காரர்.

"என்ன மேசைண்ணே?"

"சீட்டு ஃப்ரீன்னு கூவினாங்களே! சீட்டுக்கட்டை எடும்மா."

மதுரைவீரன் என்ன கூவியிருக்கிறான் என்று பூங்கொடிக்கு அப்போதுதான் புரிந்தது. கபடி என்று தெரிந்தால் கூட்டம் கலைந்துவிடும், கொட்டாய் போயே போச்சு.

அதற்குள் வாசலில் ஒரே கூச்சல். மறுபடி சீட்டாட்டம் ஆரம்பித்துவிட்டது என்று கேள்விப்பட்ட பெண்டாட்டிமார்கள் ஷேர் ஆட்டோ பிடித்து வந்து இறங்கினார்கள். முன்னால் வந்தவள் தீர்த்தகிரியின் மனைவி முனிலட்சுமி.

"வீட்ல மாடு கத்தினு கீது, உனுக்கு சீட்டு கேக்குதா?"

"ஐயோ அக்கா, இது கபடிக்கா! பொண்ணுங்க கபடி!" என்று பூங்கொடி குறுக்கே விழுந்தாள். "உக்கார்ற சீட்டுதான் ஃப்ரீ!"

முனிலட்சுமி புருஷனை முறைத்தாள். தீர்த்தகிரி சட்டென்று சுதாரித்துக்கொண்டார்.

"அதான்டி! கபடி பாக்கத்தான் வந்தேன்."

"அப்படியா? வா, உக்காந்து பாரு. முடியறதுக்குள்ள எழுந்தே, அப்புறம் கீது உனுக்கு."

அதே பொய்யை அத்தனை பேரும் சொன்னார்கள். அதே தண்டனை அத்தனை பேருக்கும் கிடைத்தது. கொட்டாய் நிறைந்துவிட்டது.

ஆட்டம் சூடு பிடித்ததும், மூன்று பேரை இழுத்துக்கொண்டு ஒரு பெண் கோட்டைத் தொட்டபோது, முனிலட்சுமி நாற்காலிமேல் ஏறி நின்று விசிலடித்தாள். பூங்கொடி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அண்ணாதுரை ஓரமாகப் போய், குடோன்காரருக்கு போன் போட்டு இடமில்லை என்றார்.

கிளம்பும்போது தீர்த்தகிரி கூச்சத்தோடு பூங்கொடியிடம் வந்தார். "அடுத்த வாரமும் ஆட்டம் உண்டாம்மா?"

பின்னாலிருந்து முனிலட்சுமிதான் பதில் சொன்னாள்: "உண்டு. நீ மாட்டுக்குத் தண்ணி காட்டு, நான் வர்றேன்."