கை ஓடும்போதே

குற்றாலத்து மண்டபத்தில் அய்யாத்துரை வீட்டுக் கல்யாணத்தைப் படம்பிடித்த எட்டாம் நாள் மணிகண்டபிரபு மாரடைப்பில் போய்விட்டான். அவன் எடுத்த கடைசிக் கல்யாணம் அது. மாப்பிள்ளை பட்டாளத்துக்காரர், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காஷ்மீருக்குக் கிளம்புகிறார். அதற்குள் வீடியோ வராவிட்டால் மெமரி கார்டுகளை வாங்கி வேறு ஸ்டுடியோவில் கொடுத்துக்கொள்வதாக, பெண்ணின் அப்பா அய்யாத்துரை தன்மையாகத்தான் சொல்லியனுப்பினார்.

மணிகண்டபிரபுவின் தங்கை காளீஸ்வரிக்கு மனம் ஒப்பவில்லை. அண்ணன் எடுத்ததில் எவனோ கைவைப்பதா? எடிட்டிங்கில் ஒன்றும் தெரியாதவள், மேலகரத்தில் அவன் வைத்திருந்த ஸ்டுடியோவைத் திறந்து கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்துவிட்டாள்.

மணமேடைக்கு முன்னால் நின்றது மணியின் கேமரா. பின்னால் நின்றது அவன் கூட்டாளி ஹபீபுல்லாவின் கேமரா. தாலி கழுத்துக்குப் போகும் நேரம், அட்சதை போட எழுந்த கூட்டம் முன்கேமராவை மறைத்துவிட்டது. எதையும் விட்டுவிடக் கூடாதென்று, மறைத்த இடம்வரை அதை ஓடவிட்டு, அப்புறம் பின்கேமராவை முதலிலிருந்து ஒட்டினாள் காளீஸ்வரி. மாப்பிள்ளை கழுத்தருகே கொண்டுபோன தாலியை மறுபடியும் தட்டிலிருந்து எடுத்தார்.

துணைக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹபீபுல்லாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “தங்கச்சி, மாப்பிள்ளைக்கு ரெண்டாங் கல்யாணம் பண்ணி வச்சிட்டியே. அவுக வீட்டுல பாத்தா நம்மள ஊருக்குள்ள விடமாட்டாவ.”

அடுத்து, கை எழும்புமுன்பே வெட்டிப் பார்த்தாள். பஸ் பிரேக் போட்டதுபோல் படம் குலுங்கியது.

“கை கெளம்பும் முன்னயும் வெட்டாத, நின்ன பெறவும் வெட்டாத,” என்றான் ஹபீபுல்லா. “ கை ஓடும்போதே வெட்டு. கண்ணு கை பின்னாலயே போயிரும், வெட்டு தெரியாது.”

மார்பளவு கை எழும்பிய இடத்தில் முன்கேமராவை வெட்டினாள். அதே உயரத்தில் கை வரும் இடத்தைப் பின்கேமராவில் தேடி ஒட்டினாள். குலவைச் சத்தத்தை மட்டும் வெட்டாமல் ஓடவிட்டாள். முன்னால் எழும்பிய கை பின்னால் வந்து கழுத்தைத் தொட்டது. ஒரே கை, ஒரே வீச்சு! நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். இன்னொரு முறை போட்டாள், இன்னொரு முறை. அப்புறம் சோறு தண்ணீர் நினைவில்லை. மாலை மாற்றும் கை, சாரலுக்குக் குடை விரிக்கும் கை, பந்தியில் பாயசம் ஊற்றும் கை எல்லாம் ஓட ஓட வெட்டினாள்.

ஞாயிறு காலை அய்யாத்துரை மருமகனோடு வந்தார். தாலி கட்டும் இடத்தை மட்டும் மறுபடி போடச் சொன்னார்.

“மணி முன்னாலதான நின்னான். அதுக்குள்ள எப்படிம்மா பின்னால வந்தான்?”

காளீஸ்வரி ஹபீபுல்லாவைப் பார்த்தாள்.

“ஓடித்தான் வந்தான் அண்ணாச்சி,” என்றான் அவன். “நான்தான் வழிவிட்டேன்.”