சும்மா ஓடுகிறவன்

எல் ஆல்தோ என்கிற மலைநகரத்தில் சும்மா ஓடுகிறவன் என்று ஒருவன் கிடையாது. மினிபஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள், இல்லையென்றால் எதையாவது அடித்துக்கொண்டு ஓடுவார்கள். மினிபஸ் வராத தெருவில் விடியற்காலையில் ஒருவன் ஓடினால், அவன் யாராக இருக்கும் என்று எவரும் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. அவன் மண்டையை உடைப்பார்கள்.

இலாரியோன் தர்கிக்கு இது மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். அவன் மினிபஸ் ஓட்டுகிறவன். சான் லூக்காஸ் பேட்டைச் சங்கத்தில் காவல் பொறுப்பும் அவனுடையதுதான். திருடனைக் கண்டால் ஊதுகிற விசில் அவன் கழுத்தில் தொங்கியது. தெருமுனைக் கம்பத்தில் கழுத்தில் கயிறோடு தொங்கிய வைக்கோல் பொம்மைக்குத் தன் பழைய கால்சட்டையைப் போட்டுவிட்டவன் அவன். 'திருடன் சிக்கினால் கொளுத்துவோம்' என்று அட்டையில் எழுதி அதன் நெஞ்சில் மாட்டியவனும் அவன்தான். போலீஸ் எப்போது வருமோ, வராதோ. அதனால் அங்கே ஒவ்வொரு பேட்டையும் தன் பொம்மையைத் தானே தொங்கவிட்டுக்கொள்கிறது.

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஒரு ஜூன் மாதக் காலையில், அந்தப் பொம்மைக்குக் கீழே ஓர் இளைஞனைக் கட்டினார்கள். ஒரு வீட்டில் கேஸ் சிலிண்டர் காணாமல் போயிருந்தது. இவன் தெருவில் ஓடிக்கொண்டிருந்தான். கையில் ஒன்றுமில்லை. அதனால் என்ன, எங்காவது ஒளித்து வைத்திருப்பான் என்று முடிவு செய்து, வாய் கிழிகிற அளவுக்கு அடித்த பிறகு கேள்வி கேட்டார்கள்.

"ஏன்டா ஓடுனே?" என்றான் இலாரியோன்.

"சும்மாதாங்க. ஓட்டப் பந்தயத்துக்குப் பழகுறேன்."

"கேட்டீங்களாய்யா? இந்தக் குளிர்ல, காலங்காத்தால, தொரை சும்மா ஓடுறாராம்!"

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு, எந்தப் பேட்டையிலும் கடைசியாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டான் இலாரியோன். "உன்னைத் தெரிஞ்சவங்க இங்க யாரு?" எனக்குத் தெரியும் என்று ஒரே ஒரு குரல் எழுந்தால் போதும், கயிற்றை அவிழ்த்துவிடுவார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. அதற்குள் பெட்ரோல் பாட்டில் வந்துவிட்டது.

"வேணாம்யா, உசுரு பாவம். ஒரு காலை எடுத்துட்டு விட்ருவோம்" என்றான் இலாரியோன். தன் வண்டியிலிருந்து ஜாக்கி ராடைக் கொண்டுவந்தான். "எந்தக் கால்?" என்று அவனிடமே கேட்டான். அவன் அழுதானே தவிர பதில் சொல்லவில்லை. இலாரியோன் வலது முழங்காலைத் தேர்ந்தெடுத்து இரண்டு முறை அடித்தான். இரண்டாவது அடி தேவையே இல்லை.

மறுநாள் அந்த சிலிண்டர், வீட்டுக்காரியின் மைத்துனன் சமையலறையில் இருந்தது. கேட்காமல் எடுத்துப் போயிருக்கிறான். "அப்ப அந்தப் பய ஏன் ஓடுனான்?" என்று பேட்டையே கேட்டது. அதோடு பேச்சு முடிந்தது. இலாரியோனுக்கு மட்டும் அதில் ஒரு பெருமை. நான் இல்லாவிட்டால் அன்றைக்கு அவன் கரிக்கட்டை என்று பீர் உள்ளே போகும்போதெல்லாம் சொல்லிக்கொள்வான்.

அடிபட்டவன் பெயர் லிம்பெர்ட் என்பதும், கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஹாச்சா பம்பா பேட்டையில் பஞ்சர் கடை வைத்திருக்கிறான் என்பதும் பிறகு தெரிந்தது. ஒருநாள் இலாரியோன் வண்டியிலிருந்து அந்த வலது காலைப் பார்த்தான். உள்பக்கம் வளைந்து, தரையில் இழுபட்டது. அதற்குப் பிறகு டயர் போனால் மூன்று கிலோமீட்டர் தள்ளி வேறு கடைக்குப் போனான். குற்ற உணர்ச்சி என்று அவன் அதற்குப் பெயர் வைக்கவில்லை. அந்தக் கடைக்காரன் ஒழுங்காக ஒட்ட மாட்டான் என்று சொல்லிக்கொண்டான்.

நாற்பத்தொன்பதாவது வயதில் இலாரியோனுக்குச் சர்க்கரை ஏறிப் பாதம் மரத்துப்போனது. சுகாதார நிலையத்தில் இருந்த டாக்டர் பெண் சின்ன வயதுக்காரி, பெயருக்கு முன்னால் 'தோன்' என்று மரியாதை சேர்ப்பாளே தவிர நயமாகப் பேசத் தெரியாதவள்.

"ஓடுங்க, தோன் இலாரியோன். ஒரு நிமிஷம் ஓட்டம், ரெண்டு நிமிஷம் நடை. இல்லேன்னா ரெண்டு வருஷத்துல காலை எடுக்க வேண்டி வரும்."

காலை எடுப்பது என்றால் என்னவென்று அவள் அவனுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அன்றைக்கே நல்ல ஷூ ஒரு ஜோடி வாங்கினான்.

ஓட்டத்தையும் அவன் சண்டையாகத்தான் ஆரம்பித்தான். முதல் நாள் நூறடி. மேகத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர். காற்று உள்ளே போகும்போது நெஞ்சைக் கீறிக்கொண்டு போனது. கால்வாய் ஓரத்தில் குனிந்து, முந்தின இரவு தின்ற உருளைக்கிழங்கை எல்லாம் வாந்தி எடுத்தான். இரண்டாம் நாள் நாய் ஒன்று கெண்டைக்காலைக் கவ்வியது. அதன் தாடையில் விட்ட உதையில் அதுவும் ஊளையிட்டது, இவனும் விழுந்தான். மூன்றாம் நாளிலிருந்து இரண்டு கையிலும் கல். பல்லைக் கடித்துக்கொண்டு, முஷ்டியை இறுக்கிக்கொண்டு, எவனையோ துரத்திப் பிடித்துக் கழுத்தை நெரிக்கப் போகிறவன் மாதிரி ஓடினான். ஓடி முடித்ததும் சுவரை ஓங்கி உதைப்பான். ஓட்டத்தை அவ்வளவு வெறுத்தான்.

சங்கத்தில் சொல்லி வைத்திருந்ததால் சொந்தப் பேட்டையில் அவனுக்கு ஆபத்தில்லை, கிண்டல்தான். "விசிலை நீயே ஊதிக்கிட்டு ஓடு தோன் இலாரியோன், எங்களுக்கு அலைச்சல் மிச்சம்" என்றார்கள். கால்வாய்தான் எல்லை. அங்கே வந்ததும் திரும்பிவிடுவான். எதிர்க்கரையில் அந்த டயர் கடை தெரியும். அவன் அந்தப் பக்கம் பார்க்கவே மாட்டான்.

ஐந்தாவது வாரம் அவன் மனைவி பசிலியா, சந்தைக்குக் கொண்டுபோக ஆப்பி என்கிற சோளக்கூழ் காய்ச்சிக்கொண்டிருந்தவள், கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏய்யா, எதுக்கு இப்படிச் செத்துச் செத்து வரே? மெதுவா ஓடேன். உன்னை யாரு தொரத்துறா?"

மெதுவாக ஓடலாம் என்பது அவனுக்குத் தோன்றியதே இல்லை. மறுநாள் வெட்கத்தோடு, நடையைவிடக் கொஞ்சம் வேகமாக ஓடிப் பார்த்தான். மூச்சு வலிக்கவில்லை. அதற்கடுத்த வாரம் ஒரு வியாழக்கிழமை அது வந்தது. எப்படி வந்தது என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. கையிலிருந்த கற்கள் எப்போது விழுந்தன என்று தெரியவில்லை. பனிமலை உச்சியில் வெயில் பட்டு மஞ்சளாக இருந்தது. இருபது வருடமாக வண்டியில் கூவுகிற நிறுத்தங்களின் பெயர்கள் காலடிக்குத் தாளமாக வாயில் வந்தன. சேஹா, சேஹா, பெரெஸ். சேஹா, சேஹா, பெரெஸ். சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. தனியாக, வாய்விட்டுச் சிரித்தான். அந்தச் சந்தோஷத்தில் திரும்ப மறந்து, பலகைப் பாலத்தைத் தாண்டி ஹாச்சா பம்பாவுக்குள் ஓடினான்.

இரண்டு தெரு போயிருப்பான். விசில் கேட்டது.

இரண்டாவது விசில், மூன்றாவது விசில். அவனுக்கு விஷயம் உடனே புரிந்துவிட்டது. ஓடினால் செத்தான் என்று தெரியும், நின்றான். நின்றதும் பிரயோசனப்படவில்லை. தலையை மூடிய தொப்பிச் சட்டை, முகமெல்லாம் வியர்வை, மூச்சிரைப்பு. இந்தக் குளிரில் எந்த யோக்கியனுக்கு வியர்க்கிறது? அவனே விசில் ஊதியிருந்தாலும் இப்படி ஒருவனைத்தான் பிடித்திருப்பான்.

முதல் கல் காதோரம் வந்து தாக்கியது. அப்புறம் துடைப்பக்கட்டை, மண்வெட்டிக் காம்பு, பூட்ஸ் கால். யாரோ முடியைப் பிடித்து இழுத்தார்கள், யாரோ விலாவில் ஏறி மிதித்தார்கள். உள்ளே ஏதோ முறிகிற சத்தம் அவனுக்கே கேட்டது. தரதரவென்று இழுத்துப்போய், அந்தப் பேட்டைப் பொம்மை தொங்கிய கம்பத்தில் கட்டினார்கள். பொம்மையின் கால் அவன் தலையில் இடித்தது.

"என் வண்டி பேட்டரி எங்கடா?" அடித்தொண்டையில் கத்தினாள் எர்லிந்தா. காய்கறி லாரி வைத்திருக்கிறவள். ஒன்றன்மேல் ஒன்றாக உடுத்தியிருந்த ஐந்து பாவாடைகளையும் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றாள்.

"நான் எடுக்கலம்மா. ஓடிக்கிட்டிருந்தேன்."

"எதுக்கு ஓடுனே?"

அந்த வார்த்தையைத் தவிர வேறெதுவும் அவனிடம் இல்லை. "சும்மாதான்."

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பு அவனுக்கு ரொம்பப் பழக்கம். யாரோ பெட்ரோலைச் சட்டையில் கொட்டினார்கள். வயிறு வரை சில்லென்று இறங்கியது.

"உன்னைத் தெரிஞ்சவங்க இந்தப் பேட்டையில யாரு? கடைசியாக் கேக்குறேன்."

வீங்கிய கண்ணால் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். பின்வரிசையில் ஒரு முகம் இருந்தது. லிம்பெர்ட் டயர் லீவரை ஊன்றிக்கொண்டு, வளைந்த காலைத் தள்ளி வைத்து நின்றான். அடிக்கவும் வரவில்லை, தடுக்கவும் வரவில்லை. அவன் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், மூன்று வருடத்துக்கு முந்தைய பழி தானாகவே தீர்ந்துவிடும்.

"அவனுக்குத் தெரியும்" என்றான் இலாரியோன், தாடையால் காட்டி. "அந்த டயர் கடைக்காரனுக்கு."

எல்லோரும் திரும்பினார்கள். "ஏம்ப்பா லிம்பெர்ட், இவனைத் தெரியுமா உனக்கு?"

"எப்படித் தெரியும்னு அவனையே சொல்லச் சொல்லுங்க" என்றான் லிம்பெர்ட்.

பஞ்சர் ஒட்ட வந்திருக்கிறேன் என்ற பொய் நுனி நாக்கு வரை வந்தது. லிம்பெர்ட் அதற்குத் தலையாட்ட மாட்டான். உண்மையைச் சொன்னாலோ, இந்தக் கூட்டம் ஒரு பேட்டரிக்காகக் கொளுத்துவதைவிட இரண்டு மடங்கு சந்தோஷமாகக் கொளுத்தும். இலாரியோனுக்குச் சாகப் பயமாக இருந்தது. ஆனாலும் அவனைத் தெரிந்தவன் என்று அங்கே வேறு யாரும் இல்லை.

"அவன் காலை உடைச்சது நான்தான்."

"எதுக்கு உடைச்சே?" என்றாள் எர்லிந்தா.

"ஓடுனான்."

"எதைத் திருடிட்டு?"

"எதையும் திருடல. சும்மா ஓடுனான். அவன் சொன்னான், நாங்க நம்பல. நான்தான் அடிச்சேன்."

உடனே வாயில் ஒரு கல் வந்து விழுந்தது, இரண்டு பல் போனது. எர்லிந்தா தீக்குச்சியைக் கிழித்தாள். லிம்பெர்ட் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து வந்து, அவள் கையில் ஓர் அடி அடித்தான். குச்சி சேற்றில் விழுந்தது.

"திருடன் இல்லக்கா இவன். ஆறு வாரமாக் கடை வாசல்ல உக்காந்து பாத்துக்கிட்டிருக்கேன். கால்வாய் வரைக்கும் வருவான், திரும்பிருவான். மொத நாளு நூறடி ஓடிட்டுக் கொடலு வெளிய வர மாதிரி கக்குனான். உங்க பேட்டரியத் தூக்கிக்கிட்டு இவனால நாலடி ஓட முடியுமா? இன்னிக்குத்தான் இந்தக் கழுதைக்கு ஓடவே வந்துச்சு."

"உன் காலை ஒடைச்சவன்னு அவனே சொல்றான். நீ என்னடான்னா வக்காலத்து வாங்குறே!"

"அது எனக்கும் அவனுக்கும் உள்ள விவகாரம்."

"அப்ப இப்பவே முடி. நாங்க பாக்கணும்."

லிம்பெர்ட் குனிந்தான். டயர் லீவரின் நுனியை இலாரியோனின் வலது முழங்காலில் வைத்தான். இரும்பின் குளிர் துணியைத் தாண்டி உள்ளே இறங்கியது.

"எந்தக் கால்?" என்றான்.

இலாரியோன் வாயைத் திறந்தான். ரத்தம்தான் வந்தது. அன்றைக்கு அந்தப் பையன் ஏன் பதில் சொல்லவில்லை என்று மூன்று வருடம் கழித்து அவனுக்குத் தெரிந்தது. அழுதான். எல்லோருக்கும் முன்னால், குழந்தை மாதிரி, சத்தம் போட்டு அழுதான்.

லிம்பெர்ட் லீவரை எடுக்கவில்லை. அழுகை அடங்குகிறவரை அப்படியே வைத்திருந்தான். "இதே எடந்தான்" என்றான் பிறகு. "ரெண்டு அடி." கூட்டம் காத்திருந்தது. அவன் இரும்பைத் தோளில் போட்டுக்கொண்டு கயிற்றை அவிழ்த்தான். "போ" என்றான்.

விலா எலும்பு மூன்று முறிந்திருந்தது. இரண்டு மாதம் படுக்கை. எழுந்து நிற்க முடிந்த முதல் நாள் இலாரியோன் விசிலைச் சங்கத்தில் ஒப்படைத்தான். ஏணி வைத்து ஏறி, தன் கால்சட்டை போட்ட பொம்மையை அறுத்துக் கீழே போட்டான். சாயங்காலத்துக்குள் வேறொருவன் கால்சட்டை போட்ட இன்னொரு பொம்மை அங்கே தொங்கியது.

அடுத்த வாரம் ஓட ஆரம்பித்தான். ஒரு நிமிஷம் ஓட்டம், இரண்டு நிமிஷம் நடை. மெல்ல மெல்ல மூச்சு வசப்பட்டது. ஒருநாள் விடிகாலையில் கால்வாய் வந்தது. அவன் திரும்பவில்லை. அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டே பலகைப் பாலத்தைத் தாண்டினான்.

டயர் கடை வாசலில், கவிழ்த்த வாளி மேல் லிம்பெர்ட் உட்கார்ந்திருந்தான். நீட்டி வைத்திருந்த அந்தக் கால் முதலில் கண்ணில் பட்டது. அந்தக் காலுக்கு முன்னால் ஓடுவதற்கு இலாரியோனுக்குக் கூச்சமாக இருந்தது. ஓட்டத்தை நிறுத்தி, தலையைக் குனிந்துகொண்டு, மெதுவாக நடந்து கடையைத் தாண்டினான்.

பின்னாலிருந்து பறந்து வந்த சக்கர நட்டு ஒன்று முதுகெலும்பில் ணங்கென்று விழுந்தது.

"யோவ்! நடக்கவா உன்னை உசுரோட விட்டேன்?" லிம்பெர்ட் வாளியிலிருந்து எழுந்து நின்று கத்தினான். அவன் கையில் இன்னொரு நட்டு இருந்தது. "ஓடுய்யா!"

இலாரியோன் ஓடினான்.