சக்திமான் வந்த ஞாயிறு

செவிலிமேட்டுக் கல்லூரி மைதானத்தில் என் மனைவி பிடித்திருந்த கயிற்றை ஒட்டிக் குனிந்தபடி நான் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது அவளுடைய போன் அடித்தது. கயிற்றை விடாமல் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் செருகிக்கொண்டாள். "ஆம்பளப் புள்ளையா, பொம்பளப் புள்ளையா?" என்று கேட்டாள். "பொண்ணா! ரொம்ப சந்தோஷம்னு சொல்லுங்க." முகமெல்லாம் சிரிப்பு. பிறகு அந்தச் சிரிப்பு அப்படியே இருக்க, கண்கள் மட்டும் மாறின. கயிறு தொய்ந்தது. என் கோடும் அதோடு வளைந்து போனது.

"லோகேஷுக்குப் பொண்ணு பொறந்திருக்குதாம். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிட்டாராம். நாளைக்கு வண்டிய யாரு எடுத்துக்கினு வருவாங்கன்னு வீரபத்திரன் கேக்குறாரு" என்றாள்.

நாங்கள் நின்றிருந்தது மறுநாள் கண்காட்சியில் அந்த வண்டியை நிறுத்த அளந்த இடத்தில்தான். மைதானத்திலேயே பெரிய கட்டம் அது. அவள் சொல்லும் வண்டி சக்திமான். ராணுவத்தில் ஓடி ஓய்ந்து, ஏலத்தில் வாலாஜாபாத் ரைஸ் மில் வீரபத்திரனின் அப்பாவிடம் வந்து சேர்ந்த பச்சை லாரி. அதை ஓட்டத் தெரிந்தவர் மில் டிரைவர் லோகேஷ் ஒருவர்தான்.

என் மனைவி கலைவாணி டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். நான் ஆனந்தகுமார், பட்டு நெய்கிறவன். எனக்கு ஸ்கூட்டிகூட ஓட்டத் தெரியாது. தறியில் நாளெல்லாம் மிதி மிதிக்கிறேன். ஆனால் தறி எங்கேயும் போவதில்லை, அதனால் பயமில்லை. பழைய வாகனச் சங்கத்தில் உறுப்பினராக இருக்கும் ஒரே பெண் இவள். ஸ்கூலின் முதல் வண்டியான அம்பாசிடரை விற்க மனமில்லாமல் வைத்திருந்ததால் அந்தத் தகுதி வந்தது. ஒவ்வொரு வருஷக் கண்காட்சியிலும் இவளுக்குச் சாப்பாட்டு டோக்கன் வேலையைக் கொடுப்பார்கள். இந்த வருஷக் கூட்டத்தில் எழுந்து, "பழைய மிலிட்டரி வண்டிங்கள வெச்சு ஒரு வரிசை போடலாம் சார், நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டாள். யார் கொடுப்பார்கள் என்று சிரித்துவிட்டுத்தான் சம்மதித்தார்கள்.

இவள் விடவில்லை. கல்யாண மண்டபம் வைத்திருக்கும் கோதண்டபாணி மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு விடும் ஜீப், இரண்டாம் உலகப்போர்க் காலத்து வில்லிஸ் என்று கண்டுபிடித்தாள். உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு விவசாயி உரமூட்டை ஏற்றிக்கொண்டிருந்த, ஜோங்கா என்ற பழைய ராணுவ வண்டியைக் கேட்டு வாங்கினாள். பட்டாளத்திலிருந்து வந்த புல்லட் ஒன்றும் சேர்ந்தது. எல்லாவற்றுக்கும் முன்னால் நிறுத்தத்தான் இந்த சக்திமான். ஒரு மாணவிக்கு ஓட்டச் சொல்லிக்கொடுக்க வாலாஜாபாத் போனபோது, நெல் மூட்டைகளோடு அது வயல் வரப்பை ஏறித் தாண்டியதைப் பார்த்திருக்கிறாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, கைகூடக் கழுவாமல், "அந்த வண்டிக்கு ரோடு வேணாங்க, அதுவே போட்டுக்கினு போவுது" என்று என்னிடம் சொன்னாள். எங்கள் கல்யாணப் பேச்சில்கூட அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

சங்கச் செயலாளர் வரதராஜன் அந்த நேரத்தில் பந்தல்காரர்களோடு வந்தார். விஷயத்தைக் கேட்டதும் தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தார். அதில் பதில் எதுவும் இல்லை. "லாரி இல்லைனா ஒரு ஜீப்பும் ரெண்டு வண்டியும்தானேம்மா. இவ்ளோ பெரிய எடம் காலியா கெடந்தா நல்லாருக்காது. புது கார் கம்பெனிக்காரங்க ஸ்டால் போட எடம் கேட்டுக்கினே இருக்காங்க. காலையில ஜனம் உள்ள வர்றதுக்குள்ள லாரி நின்னாகணும்" என்றார். கெட்ட மனுஷர் அல்ல. நாற்பது பேரின் வண்டிகளையும் அவர்களுடைய கோபதாபங்களையும் ஒன்றாக மேய்க்கிறவர்.

கலைவாணி தெரிந்த லாரி டிரைவர்களுக்கெல்லாம் போன் போட்டாள். மறுநாள் முகூர்த்த நாள், எல்லோருக்கும் லோடு இருந்தது. ஒருவர் மட்டும் சும்மா இருந்தார். வண்டியின் பெயரைக் கேட்டதும், "அந்த பூதத்த நான் தொடமாட்டேன்மா" என்று வைத்துவிட்டார். அவள் போனை இடுப்பில் செருகினாள்.

"எங்கிட்ட ஹெவி லைசன்ஸ் இருக்குதுங்க."

எனக்குத் தெரியும். லாரி ஓட்டவும் கற்றுக்கொடுக்கலாம் என்று வருஷங்களுக்கு முன் எடுத்தது. ஒரு பெண்ணிடம் லாரி கற்றுக்கொள்ள ஒருவரும் வரவில்லை. தவணை தவறாமல் புதுப்பித்துக்கொண்டு மட்டும் இருந்தாள். ஏன் வீணாகப் புதுப்பிக்கிறாய் என்று நான் கேட்டதில்லை. பட்டுப்புடவையை உடுத்தாமல் வைத்திருக்கும் பெண்களிடம் அதைக் கேட்பார்களா?

மதியமே மில்லுக்குப் போனோம். வீரபத்திரன் மீசை நரைத்த, மெதுவாகப் பேசுகிற மனிதர். நெல் காய்கிற களத்தின் ஓரத்தில் சக்திமான் நின்றிருந்தது. கிட்டத்தில் போய் நின்றேன். அதன் டயர் என் மார்பு உயரத்துக்கு வந்தது. "வண்டியப்பத்தி எனக்குக் கவலையில்லம்மா. அது எதையும் தாங்கும். உங்களப்பத்திதான்" என்றார் வீரபத்திரன். கலைவாணி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். முதல் தடவை வண்டி ஒரு குதி குதித்து அணைந்தது. இரண்டாம் தடவையும் அப்படியே. கியர் மாற்றும்போது கிளட்ச்சை இரண்டு முறை மிதிக்க வேண்டும் என்று வீரபத்திரன் கீழேயிருந்து கத்தினார். கியர், உலோகத்தைப் பல்லால் கடிப்பது போலக் கத்தியது. நெல் கிளறிக்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டுச் சுவர் ஓரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். ஸ்டியரிங்கைத் திருப்ப அவள் இருக்கையைவிட்டு எழுந்து நின்று உடம்பையே சாய்க்க வேண்டியிருந்தது. அப்புறம் எப்போது என்று சொல்லத் தெரியவில்லை, ஒரு சுற்றில் அந்தச் சத்தம் நின்றுவிட்டது. வண்டி உறுமிக்கொண்டே களத்தைத் தடங்கலில்லாமல் சுற்றிவந்தது. "அக்கா ஓட்டுதுடீ!" என்று ஒருத்தி கூவினாள். எல்லோரும் கையில் ஒட்டியிருந்த உமி பறக்கக் கைதட்டினார்கள். வீரபத்திரன் சாவியைத் திருப்பிக் கேட்கவில்லை.

ஞாயிறு விடிந்து வெயில் ஏறத் தொடங்கும்போது மில்லிலிருந்து புறப்பட்டோம். முந்தைய இரவு மழை. நான் இடதுபக்க இருக்கையில், எதிரே இருந்த கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். கலைவாணி வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். ஸ்லோகம் என்று நினைத்தேன், உற்றுக் கேட்டால் "கிளட்ச், விடு, கிளட்ச், கியர்" என்பதுதான். பாலாற்றுப் பக்கமிருந்து வந்த காற்றில் டீசல் வாசனை கலந்தது. டீக்கடை வாசல்களில் கிளாஸ்கள் பாதி வழியில் நின்றன. பால்காரர் ஒருவர் வண்டியை ஓரங்கட்டி, ஒரு காலை ஊன்றி, விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். திருப்பி வைக்க அவளுக்குக் கை ஒழியவில்லை. நான் வைத்தேன். கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

அய்யம்பேட்டையைத் தாண்டியதும் மாட்டிக்கொண்டோம். சாலையின் ஒரு பாதியைக் குழாய் பதிக்கத் தோண்டிப்போட்டிருந்தார்கள். மிச்சமிருந்த பாதியில் எதிரே ஒரு பஸ் வந்துவிட்டது. பஸ்ஸுக்குப் பின்னால் வேன்கள், எங்களுக்குப் பின்னாலும் அப்படியே ஒரு வால். பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"டிரைவர் எங்கம்மா போனாரு?"

"டிரைவர்தாம்பா பேசுறேன்" என்றாள்.

அவர் ஒரு கணம் எங்கள் வண்டியை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப ரிவர்ஸ் எடும்மா!"

பின்னால் எடுக்க இடமேயில்லை. ஹாரன்கள் தொடங்கின. கலைவாணி இடதுபக்கம், என்னைத் தாண்டி வெளியே பார்த்தாள். அங்கே சாலையின் ஓரம் சரிந்து இறங்கி ஒரு தரிசு நிலத்தில் முடிந்தது. மழைத்தண்ணீர் குட்டை குட்டையாக நின்றது. அவள் எதைப் பார்க்கிறாள் என்று புரிந்ததும், "வேணாம் வாணி" என்றேன்.

"கம்பிய நல்லாப் புடிச்சுக்கோங்க."

நாலு சக்கரத்துக்கும் இழுப்புக் கொடுக்கிற சின்ன லீவரைத் தள்ளினாள். வண்டி என் பக்கமாகச் சாய்ந்தது. கண்ணாடி வழியாக வானம் போய், மரம் போய், தரை மட்டும் தெரிந்தது. அதற்குமேல் நான் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். சேற்றில் சக்கரங்கள் சுழலும் சத்தம், சடசடவென்று அடிப்பாகத்தில் மண் அடிக்கும் சத்தம், பிறகு ஒன்றுமே நடக்காத ஒரு பயங்கரமான இடைவெளி. "வா" என்றாள் அவள். என்னிடம் இல்லை. வண்டியிடம். மிக மெதுவாக, மலையேறும் யானையைப்போல, சக்திமான் முன்பக்கத்தைத் தூக்கியது. கண்ணைத் திறந்தபோது நாங்கள் சாலையில் இருந்தோம், பஸ் எங்களுக்குப் பின்னால் இருந்தது, அதன் ஜன்னல்களிலிருந்து கைகளும் கூச்சலும் வந்துகொண்டிருந்தன. கண்டக்டர் படியில் தொங்கியபடி, தன் பஸ்ஸை மறந்துவிட்டு எங்களுக்கு இரண்டு விசில் கொடுத்தார்.

கொஞ்ச தூரம் போய், ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி இறங்கினாள். தரையில் கால் வைத்ததும் மட்கார்டைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். நான் ஓடிப்போய்த் தோளைப் பிடித்தேன். அழுகிறாளோ என்று பார்த்தால், சிரிப்பு. கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"பயந்தே பூட்டேங்க. உயிரே இல்ல. நீங்க கண்ண மூடிக்கினதப் பாத்தேன் பாருங்க, அப்பத்தான் தைரியம் வந்துச்சு."

"நான் மூடினதுலயா?"

"ஒருத்தராச்சும் தொறந்துக்கினு இருக்கணுமில்ல!"

மைதானத்துக்குள் நுழைந்தபோது எங்கள் சுண்ணாம்புக் கட்டத்துக்குள் புது கார் கம்பெனிக்காரர்கள் பந்தல் கால் நட அளந்துகொண்டிருந்தார்கள். வரதராஜன் திரும்பிப் பார்த்தார். முதலில் வண்டியை, பிறகு அதை ஓட்டி வந்தவளை. தொப்பி கையில், வாய் கொஞ்சம் திறந்து. உடனே ஓடிவந்து அவர்களை அவரே விரட்டினார். "தள்ளுப்பா, தள்ளு! இது மிலிட்டரி எடம்!" வண்டி நின்ற பிறகு சுற்றிவந்து சேற்றைப் பார்த்து, "தண்ணி அடிச்சுக் கழுவிடலாமாம்மா?" என்றார். "இருக்கட்டும் சார். வந்த வண்டின்னு தெரியட்டும்" என்றாள். கோதண்டபாணியின் ஜீப்பும் வந்து பக்கத்தில் நின்றது. முந்தைய நாள் மாப்பிள்ளையை ஏற்றிய சாமந்திச் சரம் இன்னும் முன்பக்கத்தில் தொங்கியது. அதையும் எடுக்க வேண்டாம் என்று கலைவாணி சொல்லிவிட்டாள்.

அன்றைய கூட்டத்தைச் சொல்லி முடியாது. பளபளவென்று துடைத்த பழைய கார்களைச் சுற்றிக் கயிறு கட்டி, தொடாதீர்கள் என்று எழுதி வைத்திருந்தார்கள். எங்கள் வரிசையில் கயிறே இல்லை. புடவை எடுக்க ஊருக்கு வந்திருந்த குடும்பங்கள், கோயிலுக்கு வந்தவர்கள், எங்கள் தெரு நெசவாளர்கள், எல்லோரும் சக்திமானில் ஏறினார்கள். குழந்தைகள் ஹாரனை அடித்தார்கள், விளக்கைப் போட்டு அணைத்தார்கள், மறுபடி போட்டார்கள். பட்டாளத்தில் இருந்த ஒருவர் ஜோங்காவின் பானட்டை மாட்டின் கழுத்தைத் தடவுவதுபோலத் தடவிவிட்டு, தன் மனைவியை அதன் முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார். கலைவாணியிடம் கார் கற்றுக்கொண்ட பெண்கள் கூட்டமாக வந்தார்கள். "மேடம், இத நீங்களா ஓட்டிக்கினு வந்தீங்க?" என்று ஒவ்வொருத்தியும் கேட்க, அவள் ஒவ்வொருத்திக்கும் முதலிலிருந்து சொன்னாள். பள்ளத்தின் ஆழம் மதியத்துக்குள் என் உயரத்துக்கு வந்துவிட்டது. நான் திருத்தவில்லை. கண்ணை மூடியிருந்தவன் நான். என்ன தெரியும் எனக்கு? டிராக்டர் ஓட்டும் ஒரு பெண் மட்டும் எல்லோரும் போகும்வரை நின்று, "மேடம், ஹெவி சொல்லித் தருவீங்களா?" என்றாள். கலைவாணி அவள் கையைப் பிடித்து ஸ்டியரிங்கின் மேல் வைத்தாள்.

சாயங்காலம் வண்டிகள் வரிசையாக வெளியேறிச் செவிலிமேட்டைச் சுற்றிவர வேண்டும் என்று ஏற்பாடு. சக்திமான்தான் முதலில். வரதராஜன் பச்சைக் கொடியைத் தூக்கினார். பாண்டு வாத்தியக்காரர்கள் தொடங்கினார்கள். கலைவாணி சாவியைத் திருப்பினாள். "டிக்" என்று ஒரு சத்தம் வந்தது. அவ்வளவுதான். நாள் முழுக்கக் குழந்தைகள் அடித்த ஹாரனும் போட்ட விளக்கும் பேட்டரியைக் குடித்திருந்தன. பாண்டு ஓய்ந்தது. பின்னால் நாற்பது வண்டிகள் உறுமிக்கொண்டு காத்திருந்தன. அவள் ஜன்னல் வழியாக எட்டிப்பார்த்தாள்.

"தள்ளுங்கப்பா!"

முதலில் போனவர் வரதராஜன். கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வெள்ளைச் சட்டையோடு லாரியின் பின்னால் தோள் கொடுத்தார். கோதண்டபாணி வந்தார். டிரைவிங் ஸ்கூல் பெண்கள் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்தார்கள். நெசவாளர்கள், சுண்டல் விற்றவர், புது கார் கம்பெனிக்காரர்கள், பாண்டு வாத்தியக்காரர்கள். நல்லவேளையாக அந்தப் பக்கம் மைதானம் கொஞ்சம் சரிவு. வண்டி அரை அங்குலம் அசைந்தது. ஒரு அடி. பிறகு எங்கள் கைகளைவிட்டு அதுவாக உருள ஆரம்பித்தது. உள்ளே அவள் கிளட்ச்சை விட்டாள். வண்டி முழுக்க உதறிக்கொண்டு ஒரு வெடி வெடித்தது. கறுப்புப் புகை எங்கள் எல்லோர் மேலும் கவிழ்ந்தது. புகைக்குள்ளிருந்து இருமலும் சிரிப்பும் வந்தன. அது விலகியபோது வரதராஜனின் சட்டை நிறம் தெரியவில்லை. பல் மட்டும் தெரிந்தது.

"நிறுத்தினா அணைஞ்சிடும்! ஓடி வந்து ஏறுங்க!" என்று அவள் கத்தினாள்.

வண்டி மைதானத்தை வட்டமாகச் சுற்ற, தள்ளியவர்கள் எல்லோரும் பின்னால் ஓடி ஒவ்வொருவராகத் தொற்றி ஏறினார்கள். பாண்டுக்காரர் ஒருவர் முரசோடு ஏறிவிட்டார். உள்ளே போனதும் அடிக்கத் தொடங்கினார். நான்தான் கடைசி. நாற்பத்தெட்டு வயதில் நான் எதற்காகவும் அப்படி ஓடியதில்லை. பக்கவாட்டுக் கண்ணாடியில் அவள் முகம் என்னைத் தேடி, கண்டுபிடித்து, சிரித்தது. வேகம் குறையவில்லை. பின்பலகைக்கு மேலே ஏழெட்டுக் கைகள் என்னை நோக்கி நீண்டிருந்தன, வளையல் போட்டவையும் கரி படிந்தவையும். நான் வேட்டியை மடித்துக் கட்டியபடி, முரசுச் சத்தத்துக்கும் புகைக்கும் நடுவில், அந்தக் கைகளை நோக்கி ஓடிக்கொண்டிருந்தேன்.