மேஸ்திரிக்கு வந்த அடைப்பு

1

இந்தக் கதை கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. பத்திரிகை ஆசிரியர் தொலைபேசியில் கூப்பிட்டு, "உங்க கதையெல்லாம் இருக்கட்டும் சார். ஜனங்களுக்கு உபயோகமா ஒண்ணு எழுதிக் குடுங்களேன்" என்றார். தலைப்பையும் அவரே கொடுத்துவிட்டார்: 'வளர்ப்புப் பிராணிகளின் உடல்நலக் குறைகள்: அறிதலும் ஆவன செய்தலும்'. இதைச் சொல்லி முடிப்பதற்குள் நாலு பிராணி செத்துப்போகும்.

என் வீட்டில் வளர்வது என் தொப்பை ஒன்றுதான். ஆனாலும் உட்கார்ந்தேன். முதல் வாக்கியம்: 'பூனை தன் நோயைக் கடைசிவரை மறைக்கும்.' இரண்டாவது வாக்கியம் வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு ஆள் வந்தார்.

2

அவர் குடிநீர் வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் 'பிரஷர்'. எந்தத் தெருவில் எந்தக் குழாய் அடைத்தாலும் ஒரே வைத்தியம்தான் சொல்வார்: "மேலேருந்து பிரஷர் குடுங்கய்யா. தன்னால பிச்சுக்கிட்டுப் போகும்." பல சமயம் அடைப்பு போயிற்று. சில சமயம் தெருவே போயிற்று. பிரிவுபசார விழாவில் அவர் பேசிய நெடும்பேச்சில் முதல் வகை மட்டும் இடம்பெற்றது.

அவரோடு ஒரு ஆண் பூனை. அடுத்தவர் வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது தவிர வேறொன்றும் செய்யாது என்பதால் அதற்கு 'மேஸ்திரி' என்று பெயர்.

ஒரு நாள் காலையில் மேஸ்திரி தன் மணல் தட்டில் போய்க் குந்தியது. எழுந்தது. ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி குந்தியது. முனகியது. பிரஷர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு—

(எல்லாக் கதைகளிலும் ஆட்கள் இந்த இடத்தில்தான் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொள்கிறார்கள். இவருக்குக் கண்ணாடியே கிடையாது. அடித்துவிடுங்கள்.)

—பார்த்த மாத்திரத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: மலச்சிக்கல்.*

* எல்லாரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். ஆண் பூனை அடிக்கடி தட்டுக்குப் போய் முக்கினால், முதலில் மணல் நனைந்திருக்கிறதா என்று பாருங்கள். நனையவில்லை என்றால் சிறுநீர் அடைப்பாக இருக்கலாம். உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஆசிரியரே, இதோ நீங்கள் கேட்ட உபயோகம்.

3

முதல் வரைவில் இங்கே ஒரு மகள் இருந்தாள். தொலைபேசியில்தான். அந்தப் பகுதியை அழிக்க மனமில்லாமல் அடைப்புக்குள் வைத்திருக்கிறேன்:

["சாப்டீங்களாப்பா?"

"ஆச்சு."

"மேஸ்திரி என்ன பண்றான்?"

"அவனுக்கு வயித்துல அடைப்பு. நான் பாத்துக்கறேன்."

"டாக்டர்கிட்ட காட்டிடுங்கப்பா."

"ஊருக்கே அடைப்பெடுத்தவன்மா நான். ஒரு பூனைக்கு எடுக்க மாட்டேனா?"

"அப்பா, அது பூனை. ரோட்டைத் தோண்டற மாதிரி தோண்டி வெச்சிடாதீங்க."]

நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மகள் வந்தால் பின்னாலேயே மருமகன் வருவார்; ஏன் அப்பாவை விட்டு வேறு ஊரில் இருக்கிறார்கள் என்று விளக்க வேண்டும்; பூனைக்கு இடமிருக்காது. நீக்கினேன். மனைவியை அதற்கு முன்பே, அரை வாக்கியத்தில், நீக்கியிருந்தேன். எதிர்வீட்டுக்காரர் ஒருவர் இருந்தார். அவர் பேச்சு வாயில் ஒட்டவில்லை என்பதற்காகப் போனார்.

கதை நன்றாக இறுகியது. எனக்குப் பரம சந்தோஷம். திரும்பப் படித்தபோதுதான் தெரிந்தது: அந்த மனிதர் எழுந்ததிலிருந்து யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச நான் ஆளை விட்டுவைக்கவில்லை.

4

ஆகவே பூனையோடு பேசினார்.

"குடிடா மேஸ்திரி. மேலேருந்து குடுத்தாதான் கீழ வழி விடும்."

ஊசியில்லாத சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து அதன் கடைவாயில் விட்டார். பூனை தலையைத் திருப்பியது. அவர் விடவில்லை. நடுநடுவே, எந்தெந்தத் தெருவில் எப்படியெப்படி அடைப்பெடுத்தார் என்று அதற்கு விளக்கினார். அந்த வீட்டில் அவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிற ஒரே ஜீவன் அதுதான்.

மாலையில் மேஸ்திரி வாந்தி எடுத்துவிட்டுக் கட்டிலுக்கடியில் போய்ச் சுருண்டது. கூப்பிட்டால் காதுகூட அசையவில்லை. அவர் தரையோடு தரையாகப் படுத்து, கையை நீட்டி அதன் வயிற்றைத் தொட்டார். பந்து மாதிரி இறுகியிருந்தது. காலமெல்லாம் குழாய்களைத் தொட்டுப் பார்த்த கை. வெடிக்கப்போகிற இடம் எப்படி இருக்கும் என்று அதற்குத் தெரியும். ஊர்ந்துபோய்த் தட்டைப் பார்த்தார். மணல் ஒரு பொட்டுக்கூட நனைந்திருக்கவில்லை.

"உள்ள போனதெல்லாம் எங்கடா?" என்றார்.

(இங்கே அருமையான உவமை ஒன்று எழுதி வைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் எடுத்துவிட்டேன்.)

5

கால்நடை மருத்துவர் இளம்பெண். ஒரு நாய்க்குக் காது துடைத்துக்கொண்டிருந்தவர், பூனையின் வயிற்றில் கை வைத்ததும் நாயை அதன் வீட்டுக்காரரிடம் தள்ளிவிட்டு வந்தார்.

"எப்பலேருந்து இப்படி?"

"காலைலேருந்து. நான் மலச்சிக்கல்னு..."

"என்ன குடுத்தீங்க? நம்ம வலி மாத்திரை ஏதாவது?**"

"தண்ணிதாம்மா. நிறைய."

"சார், வெளிய போற வழி அடைச்சிருக்கு. நீங்க மேல மேல ஊத்தியிருக்கீங்க."

"தெரியுதும்மா" என்றார் பிரஷர். வாழ்க்கையில் முதல் முறையாக அவர் குரலில் பிரஷர் இல்லை.

"மயக்கம் குடுத்து டியூப் போட்டு எடுக்கணும். கிட்னி தாங்கியிருக்கான்னு அப்பறம்தான் சொல்ல முடியும். கூட யாராவது வந்திருக்காங்களா?"

அவர் திரும்பிப் பார்த்தார். யாரைத் தேடினார் என்று எனக்குத் தெரியும்.

 ** மனிதர் சாப்பிடும் காய்ச்சல், வலி மாத்திரைகளைப் பூனைக்குக் கொடுக்காதீர்கள். ஒன்றே கொன்றுவிடும்.

6

ஒரு முடிவில் மருத்துவர் சிரித்துக்கொண்டே வெளியே வருகிறார். ஆசிரியருக்குப் பிடிக்கும். இன்னொன்றில் சிரிக்கவில்லை, விருதுக் குழுவுக்குப் பிடிக்கும். மூன்றாவதில் பிரஷருக்கு ஞானம் பிறக்கிறது. பிறந்தால் அதைப் பற்றி ஒரு விழா வைத்துப் பேசுவார், வேண்டாம்.

உண்மை என்னவென்றால், கதவைச் சாத்திவிட்டார்கள். என்னையும் உள்ளே விடவில்லை. அவர் வெளியே பெஞ்சில், காலிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மகளைத் திரும்பக் கூட்டிவரப் பார்த்தேன். இனிமேல் அவள் வந்தால் கதை முடிக்கத் தெரியாமல் கொண்டுவந்தேன் என்பீர்கள். நானே போய் உட்காரலாம். ஆனால் இந்தக் கதி அவருக்கு யாரால் வந்தது?

பாக்கி இருப்பவர் நீங்கள் ஒருவர்தான். ஆறுதல் சொல்லக் கிளம்பாதீர்கள், அவருக்கு ஆகாது. பக்கத்தில் உட்கார்ந்து, "உள்ள இருக்கறது உங்களோடதா?" என்று மட்டும் கேளுங்கள். பதில் வர நேரமாகும். எழுந்துவிடாதீர்கள்.

கொஞ்சம் சீக்கிரம் போங்கள். உள்ளே கையுறை கழற்றுகிற சத்தம் கேட்கிறது.