நாயிடம் சொன்ன சேதி

என் புருஷன் நெவிலும் அவன் அண்ணன் ரெக்ஸும் பேசாமல் இருந்த அந்த ஆறு வாரத்தில் இரண்டு பேரும் எங்கள் நாயோடு பேசிய பேச்சை, என்னோடு நாற்பது வருஷத்தில் பேசியிருக்க மாட்டார்கள். நாய்க்குப் பெயர் ஸ்பேனர். சொன்னதையெல்லாம் காதைத் தூக்கிக்கொண்டு கேட்கும், ஒன்றையும் செய்யாது. எங்கள் வீட்டு ஆம்பிளைகளுக்கு ஏற்ற நாய்.

சண்டை கார் சாவியைப் பற்றியது. ரெக்ஸுக்கு இடது கண் கிடையாது. வாலிபத்தில் வேலிக்கு இரும்புக் கம்பம் அடித்தபோது தெறித்த சில்லு அதைக் கொண்டுபோய்விட்டது. மிச்சமிருந்த ஒரு கண்ணை வைத்தே ரயில்வே யார்டில் கடைசிவரை வேலை பார்த்தான், மீன் பிடித்தான், பாலைவன ரோட்டில் பெர்த் வரைக்கும் கார் ஓட்டினான். எழுபதைத் தாண்டியதும் அந்தக் கண்ணும் மங்க ஆரம்பித்தது. அவனைத் தவிர எல்லோருக்கும் அது தெரிந்தது. கிளப் வாசல் தூணில் ஒருமுறை காரை இடித்தான். "தூணை யாரோ நகத்தி வச்சிருக்காங்க" என்றான்.

நெவில் தன் அண்ணன் மகளுக்குப் போன் போட்டு, "அப்பாகிட்டருந்து சாவிய வாங்கிடும்மா, யாரையாவது ஏத்திக் கொன்னுடப் போறான்" என்று சொன்னான். அடிலெய்டில் இருக்கும் அந்தப் புத்திசாலிப் பெண் அதை அப்படியே அப்பனிடம் ஒப்பித்தாள், சொன்னது யார் என்பதையும் சேர்த்து.

ரெக்ஸ் அன்றே வந்து எங்கள் வாசலில் நின்றான். "பொண்டாட்டி போயிட்டா. பொண்ணு ஊர விட்டுப் போயிட்டா. காரும் போச்சுன்னா நான் எங்கடா போறது? சுடுகாட்டுக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனான். அதோடு பேச்சு நின்றது.

ஆனால் எங்கள் கொட்டகைத் தொட்டியில் பீர் இருந்ததே. பீர் விற்கிற விலைக்கு எங்கள் ஊரில் பாதிக் கொட்டகைகளில் ஏதாவது ஒரு தொட்டி கொப்புளித்துக்கொண்டுதான் இருக்கும். ஒரு டின் மால்ட் பாகு, ஒரு கிலோ சர்க்கரை, ஒரு சிட்டிகை ஈஸ்ட், குழாய்த் தண்ணீர். கடையில் ஒரு பெட்டி வாங்குகிற காசில் வீட்டில் மூன்று பெட்டி. சண்டைக்கு முன்னால் இரண்டு பேரும் சேர்ந்து ஊற்றி வைத்தது அது. நுரைத்து அடங்கிவிட்டால் பாட்டிலில் அடைத்தாக வேண்டும். உங்கள் கோபம் தீரட்டும் என்று அது காத்திருக்காது.

அடைக்கும்போது ஒரே ஒரு விஷயத்தில்தான் கவனம் வேண்டும். மூடுவதற்கு முன் கொஞ்சம் சர்க்கரை சேர்க்க வேண்டும். மிச்சமிருக்கிற ஈஸ்ட் அதைத் தின்று பாட்டிலுக்குள் வாயு கக்கும். திறந்தால் நுரை பொங்குவது அதனால்தான். நெவில் ஒவ்வொரு பாட்டிலிலும் கரண்டியால் சர்க்கரை போடுகிற கட்சி. ரெக்ஸ் மொத்தத்தையும் பாகாகக் காய்ச்சித் தொட்டியிலேயே கலக்கிவிடுகிற கட்சி. எது செய்தாலும் சரி, இரண்டையும் செய்தால் பாட்டில் வெடிக்கும். அதனால் அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. முதல் பாட்டிலைக் குழாயில் பிடிக்கும் முன் ஒருத்தன் "சர்க்கரை போட்டாச்சா?" என்று கத்துவான். கொட்டகைக்கு அந்தப் பக்கம் நின்றாலும் இன்னொருத்தன் "போட்டாச்சு!" என்று கத்துவான். இருபது வருஷமாக அந்தக் கத்தல் கேட்டுத்தான் நான் துண்டை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போவேன். மூடி அடிப்பது என் வேலை.

இந்த முறை கத்தல் கேட்கவில்லை. எனக்கும் கிளப் படியில் வழுக்கி விழுந்ததில் வலது மணிக்கட்டு உடைந்து மாவுக்கட்டு. நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கைதான் பார்த்தேன். ரெக்ஸ் குழாயில் பிடித்தான், நெவில் மூடி அடித்தான். "ஸ்பேனர், உன் மொதலாளிய அந்த ஓஸ் பைப்ப மிதிக்காம நிக்கச் சொல்லு" என்றான் ரெக்ஸ். "ஸ்பேனர், ஓஸ் பைப்பக் கண்ட எடத்துல போட்டது யாருன்னு கேளு" என்றான் நெவில். நாய் இருவரையும் மாறி மாறிப் பார்த்து வாலை ஆட்டியது. எனக்குச் சிரிப்பும் வந்தது, இரண்டு தலையையும் பிடித்து முட்டவிட வேண்டும் போலவும் இருந்தது. பாட்டில்களைப் பாதிப் பாதியாகப் பிரித்து, தன் பங்கைக் காரில் ஏற்றிக்கொண்டு ரெக்ஸ் போனான்.

அப்புறம் வெயில் வந்தது. வடக்கிலிருந்து அடித்த காற்று அடுப்பு வாயைத் திறந்துவிட்டது மாதிரி இருந்தது. நாற்பத்தைந்து டிகிரி. மத்தியானம் கொட்டகையில் துப்பாக்கி சுட்ட மாதிரி ஒரு சத்தம். ஸ்பேனர் கட்டிலுக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டது. நெவில் எட்டிப் பார்க்கப் போனான். அவன் கதவைத் தொடுவதற்குள் இன்னொன்று, அதைத் தொடர்ந்து வரிசையாக மூன்று. கூரைச் சட்டத்தில் கண்ணாடிச் சில்லு ஆணி அடித்தது போல ஏறியிருந்தது.

நெவில் படியில் உட்கார்ந்துவிட்டான். "ரெண்டு சர்க்கரை" என்றான்.

"என்ன உளர்றே?"

"அவன்கூட ரொம்ப நேரம் நிக்க வேணாமேன்னு நான் முந்தின நாள் சாயங்காலமே எல்லாப் பாட்டில்லயும் போட்டு வச்சிட்டேன் ரேலீன். காலைல அவன் வர்ற நேரத்துக்கு மூடி வாங்கற சாக்குல கடைக்குப் போயிட்டேன். அந்த நேரத்துல அவன் தொட்டில கலக்கியிருக்கான்."

பழுப்புப் பாட்டிலின் அடியில் கிடக்கும் ஒரு கரண்டி சர்க்கரை இரண்டு கண் உள்ளவனுக்கே தெரியாது.

அப்போதுதான் எங்கள் இருவருக்கும் ஒரே நினைப்பு வந்தது. ரெக்ஸுக்கு ஒரு பழக்கம் உண்டு. பீர் தெளிந்துவிட்டதா என்று பார்க்க, பாட்டிலை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி, அந்த ஒற்றைக் கண்ணுக்கு ஒட்டினாற்போல் பிடிப்பான். தினமும் பார்ப்பான். வேறு வேலை என்ன இருக்கிறது அவனுக்கு? பாட்டில்களை அவன் வைத்திருப்பது துணி துவைக்கிற அறையில், மேற்கு வெயில் விழுகிற சுவரோரமாக.

நெவில் போன் போட்டான். எடுக்கவில்லை. நான் போட்டேன். அதையும் எடுக்கவில்லை. என் போனிலிருந்தும் நெவில்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்திருப்பான் பாவி.

"எடுடா, கெழட்டு மாடே, எடு" என்று திட்டிக்கொண்டே நெவில் வண்டியை ஓட்டினான். நான் அவனை அப்படிப் பார்த்ததே இல்லை.

ரெக்ஸ் வீட்டு வலைக்கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. நெவில் அதைக் குலுக்கிக்கொண்டு கத்தினான். ரெக்ஸ் நடைவழியில் மெதுவாக வந்தான். கையில் ஒரு பாட்டில்.

"ஸ்பேனர் எங்க? தனியா வந்திருக்கே?" என்றான். "சாவி கேக்கத்தானே?"

"ரெக்ஸ், அத கீழ வை. மெதுவா வை."

"இப்ப என் பீரைக் குடிக்கவும் உங்கிட்ட அனுமதி வாங்கணுமா?"

"டேய், அது வெடிக்கும்டா!"

"கார் ஓட்டினா ஆளக் கொல்லுவேன், பாட்டில தொட்டா வெடிக்கும். வேற என்ன செய்வேன் நானு?" என்று சொல்லி, வேண்டுமென்றே, எங்களைப் பார்த்துக்கொண்டே, பாட்டிலை வாசல் வெளிச்சத்துக்கு நேராகக் கண்ணருகே தூக்கினான்.

நெவில் வலையைக் கிழித்துக்கொண்டு கையை உள்ளே விட்டான். பாட்டிலின் கழுத்தைப் பிடித்துக் கீழே இழுத்தான். அவன் பிடியில் அது வெடித்தது.

ரெக்ஸின் முகத்தில் நுரை மட்டும்தான் வழிந்தது. நெவிலின் முன்கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பிளந்திருந்தது. ரத்தமும் பீரும் கலந்து தரையில் ஓடியது. நான் கத்தினேன். ரெக்ஸ் தாழைத் திறந்து, துண்டு கொண்டுவந்து இறுக்கிக் கட்டினான். அவன் கைகள் நடுங்கவே இல்லை.

"ஆம்புலன்ஸக் கூப்பிடறேன்" என்றேன்.

"அது வர்றதுக்குள்ள நாம போய்ச் சேந்துடலாம்" என்றான் ரெக்ஸ். எனக்கு மாவுக்கட்டு, நெவிலுக்கு இந்தக் கோலம். ரெக்ஸ் ஆணியில் மாட்டியிருந்த தன் சாவியை எடுத்தான். நெவில் அதைப் பார்த்தான். முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டான், நான் பின்னால்.

ரெக்ஸ் நிதானமாகத்தான் ஓட்டினான். நெவிலின் உதடு வெளுத்திருந்தது.

"ரெண்டு பேரும் போட்டுட்டோம்" என்றான் நெவில். "நான் பாட்டில்ல, நீ தொட்டில."

"நான் சொன்னேனே" என்றான் ரெக்ஸ்.

"யார்கிட்ட சொன்னே?"

"நாய்கிட்ட. சர்க்கரை போட்டாச்சு, அவன் வந்தா சொல்லிடுன்னு."

"அது எங்கிட்ட சொல்லவே இல்லையே" என்றான் நெவில். அந்த வலியிலும் அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ரெக்ஸும் சிரித்தான். நானும் சிரித்தேன். ஆறு வாரமாக நெஞ்சில் கிடந்த கல் கரைந்துவிட்டது என்றே நினைத்தேன்.

பள்ளிக்கூடத் திருப்பத்தில் ரெக்ஸ் இடது பக்கம் வளைத்தான். அங்கே ஒரு பெண் சைக்கிளில் வந்துகொண்டிருந்தாள். சிவப்புத் தொப்பி, முதுகில் நீச்சல் பை. எனக்குத் தெரிந்தாள், நெவிலுக்குத் தெரிந்தாள். "ரெக்ஸ்!" என்று இருவரும் சேர்ந்து அலறினோம். பிரேக் கிறீச்சிட்டது. பக்கக் கண்ணாடி அவள் பையைத் தட்டிவிட்டது. அவள் தடுமாறி நடைபாதையில் ஏறி நின்றாள். எங்களைப் பார்த்துக் கெட்ட வார்த்தையில் திட்டினாள். திட்டுகிற அளவுக்கு நன்றாக இருந்தாளே, அது போதும்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு திருப்பத்திலும் நெவில் மட்டும் மெதுவாக "இடது பக்கம் யாரும் இல்ல, போ" என்று சொல்லிக்கொண்டு வந்தான். அதைக் கேட்க எனக்குத் தாங்கவில்லை. அண்ணனைப் பற்றி அவன் போனில் சொன்னது சரியாகிவிட்டதே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

ஆஸ்பத்திரியில் நெவிலைத் தையல் போட உள்ளே கொண்டுபோனார்கள். ரெக்ஸ் என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். மீசையில் நுரை காய்ந்து ஒட்டியிருந்தது.

"அந்தப் பொண்ண நீ எப்பப் பார்த்தே?" என்று கேட்டான்.

"தெருமுனைக்கு வர்றதுக்கு முன்னாடியே."

"நீங்க கத்தினப்பறமும் நான் பாக்கல" என்றான். "அவ திட்டினப்பதான் தெரிஞ்சுது."

எங்களை உள்ளே விட்டபோது நெவில் கட்டிலில் சாய்ந்திருந்தான், கை முழுக்கக் கட்டு. ரெக்ஸ் போய் அவன் நல்ல கைக்குப் பக்கத்தில், போர்வையின் மேல், சாவியை வைத்தான்.

"என்னது இது?" என்றான் நெவில்.

"நாய்கிட்ட குடுத்தனுப்பலாம்னுதான் பார்த்தேன்" என்றான் ரெக்ஸ். "அத உள்ள விட மாட்டாங்களாம்."

நெவில் சாவியைத் தொடவில்லை. அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். ரெக்ஸ் நிமிர்ந்து நின்றான். நான் அவனுக்கு இடது பக்கம் நின்றிருந்தேன். நான் அழுதது அவனுக்குத் தெரியாது.