லீசா லாரியில் ஏறவில்லை

சர்க்கரை கண்ணைப் பிடித்துவிட்டது, இனி லாரி ஓட்டக் கூடாது என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்துவிட்டார். இங்கே ருசே நகரில் சரக்கேற்றி, எல்லையிலிருக்கும் தான்யூப் ஆற்றுப் பாலம் தாண்டி, ஜெர்மனி வரைக்கும் ஓட்டிக்கொண்டிருந்த என் கணவன் வெலிசார், அன்றிலிருந்து எங்கள் ஐந்தாம் மாடி வீட்டுக்குள்ளேயே ஓட ஆரம்பித்தான். சமையலறையிலிருந்து பால்கனி, பால்கனியிலிருந்து படுக்கையறை, மறுபடி பால்கனி. அங்கே நின்றால் பாலத்துக்குப் போகும் சாலை தெரியும். சூரியகாந்தி விதையைக் கொறித்துத் தோலைத் துப்பிக்கொண்டே, வரிசையில் நிற்கும் லாரிகளை முறைத்துக்கொண்டிருப்பான்.

நான் ஒரு பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்க்கிறேன். சாயங்காலம் வீடு திரும்பினால் தரையெல்லாம் விதைத்தோல்.

"டாக்டரம்மா தினம் நடக்கச் சொன்னாங்க இல்ல? இறங்கிப் போய் நட."

"எங்க போறது?"

"எங்கயும் போக வேணாம். சும்மா நட."

"சும்மா எப்படி நடக்கிறது ஸ்னெஜா? போற இடம்னு ஒண்ணு வேணாமா?"

ராத்திரியில் தூக்கமில்லை. பகலில் எரிச்சல். சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. அவன் கால் மரத்துப்போகிறது என்று சொன்ன நாளிலிருந்து எனக்கும் தூக்கம் போய்விட்டது.

அந்த நேரத்தில்தான் என்னோடு வேலை செய்கிறவளின் தம்பி ஒரு வேட்டை நாயைத் தள்ளிவிட ஆள் தேடிக்கொண்டிருந்தான். கறுப்பும் பழுப்புமாக, நீளக் காதுகளோடு ஒரு பெட்டை. துப்பாக்கிச் சத்தம் கேட்டால் புதருக்குள் ஒளிந்துகொள்ளுமாம். வேட்டைக்கு உதவாத நாய்க்கு எதற்குச் சோறு என்றான். விட்டால் காட்டிலேயே தொலைத்துவிட்டு வந்துவிடுவான் போலிருந்தது. கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். பெயர் லீசா.

"என்ன இது?" என்றான் வெலிசார்.

"நாய்."

"அது தெரியுது. ஏன் என்னைப் பார்க்குது?"

முதல் வாரம் வீட்டில் இரண்டு பேர் உலாத்தினார்கள். இவன் பால்கனிக்குப் போனால் அது கதவுக்குப் போகும். கதவைப் பிறாண்டி ஊளையிடும். கீழ்வீட்டுக்காரி துடைப்பக்கட்டையால் கூரையை இடித்தாள். கடைசியில் தாங்க முடியாமல், "வாயை மூடு, வந்து தொலை" என்று சொல்லி அதன் கழுத்தில் வாரை மாட்டி இழுத்துக்கொண்டு இறங்கினான்.

போனவன் ரொம்ப நேரம் கழித்துத்தான் வந்தான். காலணி முழுக்கச் சேறு. இரண்டு தட்டு அவரை சூப் குடித்துவிட்டு நாற்காலியிலேயே தூங்கிப்போனான். அவன் குறட்டையைக் கேட்டு எத்தனை நாளாகியிருந்தது!

அப்புறம் தினமும் போனார்கள். காலையில் ஒரு தடவை, பிற்பகலில் ஒரு தடவை. இடுப்புப் பட்டையில் புதிதாக ஓட்டை போட வேண்டியிருந்தது. சர்க்கரை மெல்ல இறங்கியது. நான் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் எங்கே போகிறாய் என்று கேட்டால், "நாய் இழுக்கிற பக்கம்" என்பான். அந்தப் பதில் எனக்குச் சரியாகப் படவில்லை.

ஒருநாள் வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் பின்னாலேயே போனேன். நாய் ஒன்றும் இழுக்கவில்லை. இவன்தான் அதை இழுத்துக்கொண்டு பாலத்துச் சாலைக்குப் போனான். வரிசையில் நின்ற லாரிகளுக்கு நடுவே, அவனோடு லாரி ஓட்டிய பழைய சிநேகிதன் ஒக்தாயோடு நின்று பேசிக்கொண்டிருந்தான். தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தான். ஒரு வருஷமாக அவன் பல்லை நான் பார்த்ததில்லை. லீசா அவன் காலடியில் படுத்திருந்தது. நான் கூப்பிடாமல் திரும்பிவிட்டேன்.

அக்டோபரில் ஒரு நாள் சாயங்காலம் அவன் வரவில்லை. போனை எடுக்கவில்லை. அலமாரியைத் திறந்து பார்த்தேன். அவனுடைய பயணப் பை இல்லை. மாத்திரைகளும் இல்லை.

பாலத்துச் சாலைக்கு ஓடினேன். ஒக்தாயின் லாரி நிற்கிற இடத்தில் வேறொரு லாரி நின்றது. அதன் டிரைவர் கண்ணாடியை இறக்கினார்.

"நாயோட வருவாரே, அவரா? ஒக்தாய் வண்டியில ஏறினாரே, நான் பார்த்தேன்."

சாலை நடுவிலேயே நின்றுவிட்டேன். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. அப்போது அந்த டிரைவர் மறுபடி தலையை நீட்டி, "ஆனா நாய் அங்க முன்னாடிதான் கத்திக்கிட்டு இருந்துச்சு" என்றார்.

வரிசையோரமாகவே நடந்தேன், பாதி நடை, பாதி ஓட்டம். சோதனைச் சாவடிக்குக் கொஞ்சம் முன்னால், சாலையோரப் புல்லில் உட்கார்ந்திருந்தான். பை ஒரு பக்கம். மறுபக்கம் லீசா, நடுங்கிக்கொண்டு.

"ஏறிட்டேன்" என்றான், நான் கேட்பதற்கு முன்பே. "புடாபெஸ்ட் வரைக்கும் சும்மா பக்கத்துல உக்காந்துட்டுப் போய்ட்டு வரலாம்னு ஒக்தாய் சொன்னான்."

"அப்புறம்?"

"இது ஏறல. பிரேக்ல காத்து புஸ்ஸுன்னுச்சு. துப்பாக்கின்னு நினைச்சிருச்சோ என்னவோ, உருவிக்கிட்டு ஓடிருச்சு. சரி, தானா வீட்டுக்குப் போயிரும்னு கதவைச் சாத்திட்டேன். வண்டி நகர்ந்துச்சு. பக்கக் கண்ணாடியில பார்க்கிறேன், எனக்குத்தான் ஒண்ணும் சரியாத் தெரியலையே, ஒரு பழுப்புக் கறை மட்டும் லாரிக்கு லாரி பூந்து ஓடி வருது. சக்கரத்துல விழுந்திருமேன்னு... இறங்கிட்டேன்."

"எனக்காக இறங்கல" என்றேன்.

அவன் நாயின் காதைத் தடவினான்.

"உனக்குப் போன் பண்ணிச் சொல்லியிருப்பேன் ஸ்னெஜா. இந்த நாய்க்கு எப்படிச் சொல்றது?"

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "மாத்திரை எடுத்து வெக்கத் தெரிஞ்சுது. கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லத் தெரியலையா? நான் என்ன, கதவைப் பிறாண்டி ஊளையிட்டாத்தான் உன் காதுல விழுவேனா?"

சிரித்துவிடுவான் என்று நினைத்தேன். அவன் அழுதான். சாவடிப் போலீஸ்காரர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வீட்டுக்குள்ள மூச்சு முட்டுது" என்றான்.

"எனக்கும்தான்" என்றேன். அதுவரை எனக்கே தெரியாது.

வசந்தத்தில் டாக்டரம்மா ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு மருந்தைக் குறைத்தார். கால் மரப்பு குறைந்திருந்தது. கண் தேறவில்லை, மோசமாகவும் ஆகவில்லை. லாரி ஓட்டும் உரிமம் திரும்பக் கிடைக்காது. இதை அவரே அவனிடம் சொன்னார். அவன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான்.

இப்போது பிற்பகல் நடையைச் சாயங்காலத்துக்கு மாற்றிவிட்டோம், நானும் போகிறேன். பாலத்துச் சாலைக்கும் போவோம், ஆற்றோரமும் போவோம். ஒக்தாய், "அண்ணி, காவலுக்கு வந்துட்டீங்களா?" என்று கேலி செய்வான். ஆமாம் என்பேன். முழுப் பொய் இல்லை. என்ஜின் உறுமினால் என் கண் இன்னும் வெலிசாரின் முகத்துக்குத்தான் போகிறது.

திரும்பும்போது வெளிச்சம் மங்கினால் அவனுக்கு நடைபாதை விளிம்பு தெரியாது. என் ஒரு கையில் நாய், இன்னொரு கையில் அவன். இரண்டு பேரும் வேறு வேறு பக்கம் இழுப்பார்கள்.