இரண்டாவது மூக்கு

அலாரம் மறுபடியும் அடித்தபோது ராய்ஸ் கோசெக் கையிலிருந்த ஸ்பேனரை எறியத்தான் ஓங்கினான். எரிவாயு நிலையத்துக்குள் இரும்பை இரும்பின் மேல் எறியக் கூடாது என்கிற புத்தி மட்டும் மிச்சமிருந்ததால் பெட்டிக்குள் வைத்தான். கன்ட்ரோலரின் சின்னத் திரையில் ‘மருந்து குறைவு’ என்று சிவப்பில் மின்னியது. காலையிலிருந்து இதே பாட்டு.

குழாயில் ஊருக்குப் போகிற வாயுவுக்குச் சொந்தமாக வாடை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றுதான், அழுகிய முட்டைபோல நாறும் ஒரு மருந்தை இங்கே ஒரு பம்ப் சொட்டுச் சொட்டாகக் கலக்கிறது. எவ்வளவு வாயு போகிறது, அதற்கேற்ற மருந்து போகிறதா என்று பார்ப்பது கன்ட்ரோலரின் வேலை. கணக்கு உதைத்தால் கத்தும். கணக்கு சரியாக இருந்தாலும் கத்தும் என்பது ராய்ஸின் பல வருஷ அனுபவம்.

வடிகட்டியை மாற்றியாயிற்று. பம்பில் காற்று அடைத்திருக்குமோ என்று திறந்துவிட்டுப் பார்த்தாயிற்று. அப்போது கையுறையில் கொஞ்சம் மருந்து சிந்தியதும், அந்தக் கையாலேயே அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டதும்தான் மிச்சம். தொட்டியில் மருந்து இருக்கிறது, பம்ப் டக் டக்கென்று அடிக்கிறது, இடமே நாறுகிறது. பின்னே என்ன குறைவு? மருந்தை அளக்கிற மீட்டர்தான் பொய் சொல்கிறது என்று முடிவு கட்டினான்.

தலைமையகத்திலிருந்து கென்ட் கூப்பிட்டான். நெப்ராஸ்காவில் பாதி நிலையங்களை ஒரு நாற்காலியில் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொள்கிறவன்.

“ராய்ஸ், உன் ஸ்டேஷன் என் உயிரை வாங்குதுப்பா. என் ஸ்கிரீன் முழுக்க சிவப்பு.”

“எனக்கு மட்டும் என்ன, தாலாட்டா பாடுது? மீட்டர் அவுட்டுனு நினைக்கிறேன். புதுசு அனுப்பு.”

“அது வர்றதுக்குத் திங்கட்கிழமை ஆயிடும். இன்னைக்குக் குளிர் இறங்குது, ஊரே ஹீட்டரைப் போடும். அலாரம் எல்லையைக் கொஞ்சம் தளர்த்தி விடு. ஊருக்குள்ள போய் மோந்து பாரு. வாடை வந்தா விஷயம் முடிஞ்சுது.”

“மருந்தைத் தொட்டவன் மோந்து பாக்கக் கூடாதுங்கிறது நம்ம ரூல்தானே? காலையிலேருந்து இதுலயேதான் கிடக்கேன். இன்னொரு ஆளைக் குடு.”

“இன்னொரு ஆளுக்கு நான் எங்க போவேன்? உன்கூட இருந்த வெர்னை வேலையை விட்டு எடுத்தப்பவே உன் ரெண்டாவது மூக்கு போயாச்சு.”

சொல்லிவிட்டுச் சிரிக்க வேறு செய்தான். ராய்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான், சட்டையை மாற்றினான், தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால் ஊர் வாயுவைச் சோதிக்க விட்டிருக்கிற குழாயில் மோந்து பார்க்கும் கருவியை மாட்டி மோந்து பார்த்தான். குப்பென்று நாறியது. அப்படியென்றால் அலாரம்தான் பொய். திரும்பிப் போய் எல்லையைத் தளர்த்தினான். கன்ட்ரோலர் வாயை மூடிக்கொண்டது. விட்டது சனி என்று வீட்டுக்குக் கிளம்பினான்.

வீட்டில் அவன் மனைவி டார்லா போட்ட சட்டம் ஒன்று உண்டு. வேலைத் துணி கராஜிலேயே கழன்று, மூடி போட்ட டிரம்முக்குள் போய்விட வேண்டும். ஒருமுறை சர்ச் விருந்தில் அவன் கோட்டை மோந்து பயந்து யாரோ தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டதிலிருந்து அவள் இதில் இம்மியும் இறங்கி வருவதில்லை. அவன் உள்ளாடையோடு சமையலறைக் கதவைத் திறந்தான். அடுப்பில் சில்லி என்கிற இறைச்சிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, பக்கத்தில் சினமன் ரோல்.

“அங்கேயே நில்லு! மூக்கைத் துளைக்குது. இன்னைக்கு என்ன, அதுலயே குளிச்சியா?”

“எல்லாத்தையும் கழட்டிட்டேனே.”

“மீசையைக் கழட்டினியா?”

சிரிக்க வாயெடுத்தவன் அப்படியே நின்றுவிட்டான். கையைக் கழுவினான், சட்டையை மாற்றினான். மூக்குக்கு நேர் கீழே இருந்த மீசையை மறந்துவிட்டான். மோந்து பார்த்தது ஊர் வாயுவையா, தன் மீசையையா?

“டார்லா, அடுப்பை அணை. ஜன்னலை எல்லாம் திற. அப்புறம் பத்த வைக்காம ஒரு பர்னரை மட்டும் லேசாத் திறந்து மோந்து பாரு.”

“உனக்கென்ன பைத்தியமா?”

“சொன்னதைச் செய். நான் வெளிய போயிடறேன்.”

உள்ளாடையோடு வாசலுக்குப் போய் நின்றான். குளிர் எலும்பைத் தொட்டது.

“என்ன வாடை வருது?”

“ஒண்ணுமில்ல.”

“நல்லாக் குனிஞ்சு பாரு!”

“ராய்ஸ், உஸ்ஸுனு சத்தம் கேக்குது. வாடைதான் இல்ல.” அவள் குரல் மாறியிருந்தது.

“மூடு. உடனே மூடு.”

தெரு நெடுக ஹீட்டர் புகைபோக்கிகளில் வெள்ளை ஆவி கிளம்ப ஆரம்பித்திருந்தது. எத்தனை வீடு! கென்ட்மேல் வந்த ஆத்திரம் வந்ததைவிட வேகமாகத் தன்மேலேயே திரும்பியது. போனை எடுத்தான்.

“கென்ட், அலாரம் உண்மை. தீயணைப்புக்கு நான் சொல்லிடறேன். நீ ஆளுங்களை அனுப்பு, வீடு வீடாக் கசிவு பாக்கணும்.”

“வாடை வந்துதுன்னு நீதானே சொன்னே?”

“ஆமா. நான்தான் சொன்னேன்.”

நிலையத்துக்குப் போய் முதலில் எல்லையைப் பழையபடி வைத்தான். அலாரம் கத்தியது. இந்தத் தடவை அது சொல்வதை நம்பிக்கொண்டு தேடினான். பம்ப் தள்ளுகிற மருந்து திரும்பி வராமல் தடுக்கிற சின்ன வால்வில் கறுப்பாகப் பிசின் ஒட்டி, அது மூடாமல் கிடந்தது. தள்ளியதில் கிட்டத்தட்ட எல்லாமே பம்புக்கே திரும்பி வந்திருக்கிறது. பம்ப் டக் டக்கென்று அடித்ததெல்லாம் வெறும் சத்தம்தான். சுரண்டி எடுத்து மாட்டியதும் அலாரம் தானாகவே அடங்கியது.

அவன் வீடு திரும்பியபோது மூன்றாவது வீட்டு வாசலில் தீயணைப்பு வண்டி நின்றது. துணி உலர்த்தும் மெஷினுக்குப் பின்னால் கசிவாம். அந்த வீட்டுப் பிள்ளைகள் அதே அறையில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார்களாம். இப்போது போர்வையைச் சுற்றிக்கொண்டு புல்வெளியில் நின்றார்கள். ராய்ஸால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

வீட்டுக்குள் போகாமல் வாசலிலேயே நின்று கூப்பிட்டான்.

“டார்லா, மறுபடி பர்னரைத் திற.”

பர்னரைத் திருகுகிற சத்தம் கேட்டது. பிறகு ஜன்னல் வழியாக, “சீச்சீ! கண்றாவி! குடலைப் பிரட்டுது ராய்ஸ்!”

“மூடிட்டு, அந்தக் கத்தரிக்கோலை எடுத்துட்டு வா,” என்றான் அவன்.